ஒரே தரநிலை, வெவ்வேறு முத்திரை: அண்டை நாடுகளின் தொலைத்தொடர்புக் கருவி விதிகள் இசைவு பெறாதது ஏன்?

புதுதில்லி: ஒரே ஆலையில், ஒரே வடிவமைப்பில் தயாராகும் ஒரு வைஃபை ரவுட்டர் இந்தியாவில் விற்பனைக்கு வரும் முன் ஒரு வரிசை அனுமதிகளைப் பெற வேண்டும். அதே ரவுட்டர் காத்மாண்டுவுக்குச் செல்ல நேபாளத் தொலைத்தொடர்பு ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். கொழும்புக்குச் செல்ல இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் ஒப்புதல் வேண்டும். மூன்று இடங்களிலும் கேட்கப்படும் கேள்விகள் ஏறத்தாழ ஒன்றே: கருவி மின் அதிர்ச்சி தருமா, தீப்பற்றுமா, அருகிலுள்ள கருவிகளின் இயக்கத்தைக் கெடுக்குமா, ஒதுக்கப்பட்ட அலைவரிசைக்குள் மட்டும் இயங்குமா?

கேள்விகள் ஒன்றாக இருந்தும் விடைத்தாள் ஒன்றாக இல்லை. ஒரு நாட்டின் ஆய்வகம் அளித்த அறிக்கையை அடுத்த நாடு அப்படியே ஏற்பதற்கான ஏற்பாடு, தெற்காசிய நாடுகளுக்கிடையே தொலைத்தொடர்புக் கருவிகளைப் பொறுத்தவரை வேரூன்றவில்லை. இதனால் ஏற்படும் காலதாமதமும் கூடுதல் செலவும் இறுதியில் கருவியின் விலையில் சேர்கின்றன. பூடான், மாலத்தீவு போன்ற சிறிய சந்தைகளில் இதன் விளைவு இன்னும் கடுமையானது. சில ஆயிரம் கருவிகள் மட்டுமே விற்கக்கூடிய ஒரு நாட்டுக்காகத் தனியே சான்று பெற எந்த நிறுவனமும் ஆர்வம் காட்டுவதில்லை.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

தமிழ்ச் செய்திகளில் 'தரநிலை', 'தரச்சான்று', 'தர விதி' ஆகிய சொற்கள் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகப் பயன்படுத்தப்படுவது வழக்கம். மொழிபெயர்ப்பு மேசையில் இத்தவறு அன்றாடம் நேர்கிறது. ஆனால் இந்த விவகாரத்தின் முடிச்சே இச்சொற்களின் வேறுபாட்டில்தான் உள்ளது.

தரநிலை என்பது ஓர் ஆவணம். கருவி எப்படி அமைய வேண்டும், அதை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று அது கூறும். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தகத்துக்கான தொழில்நுட்பத் தடைகள் குறித்த ஒப்பந்தம், தரநிலையை விருப்பத்தின் பேரில் பின்பற்றத்தக்கதாகவே வரையறுக்கிறது. அந்த ஆவணத்தைக் கட்டாயமாக்கும் அரசாணையைத் தொழில்நுட்ப ஒழுங்குவிதி என்று அது தனியே அழைக்கிறது. கருவி அந்த விதிக்கு உட்பட்டதா என்று சோதித்துச் சான்றளிப்பது மூன்றாவது படி. அதன் பெயர் இணக்க மதிப்பீடு.

அண்டை நாடுகளின் தரநிலைகளை இசைவாக்குவது குறித்துப் பேசும்போது பெரும்பாலோர் முதல் படியையே கருதுகின்றனர். அந்தப் படியில் வேலை பெருமளவு முடிந்துவிட்டது. மின் பாதுகாப்புக்கும் ரேடியோ குறுக்கீட்டுக்கும் ஜெனீவாவிலுள்ள சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையமும் அதன் சிஸ்பர் குழுவும் வெளியிடும் ஆவணங்களே அடிப்படை. கண்ணாடியிழை கேபிள், தொலைபேசி இணைப்பு ஆகியவற்றுக்குச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைகளும், 4ஜி, 5ஜி சேவைகளுக்கு 3ஜிபிபி கூட்டமைப்பின் ஆவணங்களும் அடிப்படையாகின்றன. இந்தியாவும் அதன் அண்டை நாடுகளும் இவற்றையே தழுவுகின்றன.

இதற்கு ஒரு நல்ல சான்று திரிபுராவில் உள்ளது. 2016 மார்ச் 23 அன்று வங்கதேசத்தின் அகௌராவிலிருந்து அகர்தலாவுக்கு 10 ஜிபிபிஎஸ் இணைய அலைத்திறன் வழங்கும் இணைப்பு தொடங்கப்பட்டது. காக்ஸ் பஜாரில் கரையேறும் கடலடிக் கேபிளிலிருந்து வரும் இணையம், எல்லையைக் கடந்து பிஎஸ்என்எல் வலையமைப்பில் சேர்ந்தது. மும்பை, சென்னைக்கு அடுத்தபடியாக நாட்டின் மூன்றாவது சர்வதேச இணைய நுழைவாயிலாக அகர்தலா அறிவிக்கப்பட்டது. எல்லைக்கு இருபுறமும் உள்ள கருவிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்காகத் தனித் தரநிலை எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை.

அலைக்கற்றையில் கிடைத்த வெற்றி

700 மெகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைத் திட்டம் இசைவாக்கத்தின் பயனை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பாங்காக்கைத் தலைமையிடமாகக் கொண்டு 1979 முதல் இயங்கும் ஆசிய-பசிபிக் தொலைத்தொடர்புக் குழுமம், தொலைக்காட்சி ஒளிபரப்பு கைவிட்ட இந்த அலைவரிசையைப் பிரித்துக்கொள்ளும் முறையை 2010-இல் வகுத்தது. அதன்படி கைபேசியிலிருந்து கோபுரத்துக்குச் செல்லும் அலைகளுக்கு 703 முதல் 748 மெகாஹெர்ட்ஸ் வரையிலும், கோபுரத்திலிருந்து கைபேசிக்கு வரும் அலைகளுக்கு 758 முதல் 803 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் இடம் ஒதுக்கப்பட்டது.

அமெரிக்கா இதே பரப்பை வேறு விதமாகப் பிரித்திருக்கிறது. அங்குள்ள முக்கியமான ஒரு பகுதியில் கோபுரங்கள் 746 முதல் 756 வரையிலும் கைபேசிகள் 777 முதல் 787 வரையிலும் இயங்குகின்றன. அதாவது ஏற்றமும் இறக்கமும் இடம் மாறியுள்ளன. ஒருவேளை இந்தியா ஒரு முறையையும் நேபாளம் மற்றொரு முறையையும் தேர்ந்தெடுத்திருந்தால், ரக்சோலில் ஒரு கைபேசி அனுப்பும் மெல்லிய அலையைக் கேட்க முயலும் கோபுரம், சில கிலோமீட்டர் தொலைவில் வீர்கஞ்சில் நிற்கும் கோபுரத்தின் உரத்த ஒலிபரப்பையே கேட்டுக்கொண்டிருக்கும். கைபேசித் தயாரிப்பாளரும் இரு நாடுகளுக்கும் இருவேறு வடிகட்டிகள் பொருத்த வேண்டியிருக்கும்.

இந்தியா ஆசிய-பசிபிக் முறையையே ஏற்றது. 2016, 2021 ஆகிய ஆண்டுகளின் ஏலங்களில் விலை அதிகம் என்பதால் இந்த அலைக்கற்றையை எவரும் வாங்கவில்லை. 2022 ஏலத்தில் ரிலையன்ஸ் ஜியோ நிறுவனம் வாங்கியது. அதற்குள் இந்த முறைக்கேற்ற கைபேசிகள் ஆசியா முழுவதும் பரவியிருந்ததால், புதிய கருவிக்காகக் காத்திருக்கும் நிலை ஏற்படவில்லை.

பதிப்பு மாறினால் பயணம் நிற்கும்

தரநிலை ஒன்றே என்றாலும் அதன் பதிப்பு வேறுபடலாம். மின் பாதுகாப்புக்கு நெடுங்காலம் ஆதாரமாக இருந்த ஐஇசி 60950-1 என்ற ஆவணத்தின் இடத்தை ஐஇசி 62368-1 பிடித்தது. பழையது, இன்ன பாகம் இன்ன அளவில் இருக்க வேண்டும் என்று கட்டளையிடும். புதியதோ, கருவிக்குள் எந்தெந்த ஆற்றல் மூலங்கள் மனிதருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று கண்டறிந்து, அவற்றுக்கும் பயனருக்கும் இடையே போதிய காப்பு உள்ளதா என்று கேட்கும். ஐரோப்பாவில் 2020 டிசம்பர் 20 அன்று பழையது முடிவுக்கு வந்தது. இந்தியாவில் பழையதைத் தழுவிய ஐஎஸ் 13252 என்ற தரநிலையும் புதியதைத் தழுவிய தரநிலையும் சில காலம் இணையாக நடைமுறையில் இருந்தன. இத்தகைய இடைக்காலத்தில், ஒரு நாட்டில் செல்லுபடியாகும் அறிக்கை பக்கத்து நாட்டில் காலாவதியானதாகக் கருதப்படக்கூடும். கருவியில் எந்த மாற்றமும் இருக்காது.

மலை உயரம் கேட்கும் தனி விதி

தரநிலைகள் வேறுபடுவதெல்லாம் வீண் பிடிவாதம் என்று கூறிவிட முடியாது. சில வேறுபாடுகளுக்கு நிலவியல் காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள இமயமலையே சிறந்த எடுத்துக்காட்டு.

மின்கருவியின் உள்ளே அதிக மின்னழுத்தம் பாயும் பாகத்துக்கும் பயனர் தொடக்கூடிய பாகத்துக்கும் இடையே குறிப்பிட்ட அளவு காற்று இடைவெளி இருக்க வேண்டும். காற்று மின்சாரத்தைத் தடுக்கிறது என்பதே இதன் அடிப்படை. ஆனால் உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது; அதன் தடுக்கும் திறனும் குறைகிறது. சமவெளியில் பாதுகாப்பாக இருக்கும் அதே இடைவெளியில், மலை உச்சியில் தீப்பொறி தாவக்கூடும். மெலிந்த காற்று கருவியின் வெப்பத்தையும் போதிய அளவு வெளியேற்றாது.

சர்வதேசத் தரநிலையின் அட்டவணைகள் கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டர் உயரம் வரையிலான பயன்பாட்டையே பொதுவாகக் கருதுகின்றன. அதற்கு மேல் செல்லும்போது இடைவெளியை ஒரு காரணியால் பெருக்க வேண்டும். 5000 மீட்டருக்கு அந்தக் காரணி 1.48. அதாவது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு இடைவெளி தேவை. திபெத் பீடபூமியைக் கொண்ட சீனா, தனது ஜிபி 4943.1 என்ற தேசியத் தரநிலையில் 5000 மீட்டர் உயரத்துக்கான இடைவெளியைக் கோருகிறது. அந்த இடைவெளி இல்லாத கருவி, 2000 மீட்டருக்குக் கீழே மட்டும் பயன்படுத்தத் தக்கது என்ற எச்சரிக்கைக் குறியைத் தாங்கியிருக்க வேண்டும்.

லே நகரம் ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்தில் உள்ளது. திம்பு சுமார் 2300 மீட்டர். எவரெஸ்ட் செல்லும் வழியிலுள்ள நாம்சே பஜார் 3400 மீட்டருக்கும் மேல். கடலோர நகரின் ஆய்வகத்தில் 2000 மீட்டர் என்ற அனுமானத்தின்படி தேர்ச்சி பெற்ற ஒரு பவர் அடாப்டர், இந்த மூன்று ஊர்களிலும் ஒரே விதமான கேள்விக்கு உள்ளாகிறது. லடாக், சிக்கிம், அருணாச்சலப் பிரதேசம் ஆகியவற்றின் தேவையும் நேபாளம், பூடான் ஆகிய நாடுகளின் தேவையும் இங்கே ஒன்றாகின்றன. தெற்காசியாவுக்கெனப் பொதுவான ஒரு கூடுதல் விதி எழுதத் தொடங்கினால், முதலில் எழுத வேண்டிய வரி இதுவாகத்தான் இருக்க வேண்டும். மலையுச்சிக் கோபுரங்களுக்கு மின்சாரம் வழங்கும் சாதனங்களுக்கு இது பொழுதுபோக்கான ஐயமன்று; பராமரிப்புப் பணியாளரின் உயிர் தொடர்பானது.

கைபேசியின் கதிர்வீச்சு வரம்பிலும் இதுபோன்ற வேறுபாடு உண்டு. 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியா, உடல் திசு உறிஞ்சும் ஆற்றலுக்குக் கிலோகிராமுக்கு 1.6 வாட் என்ற வரம்பை நடைமுறைப்படுத்துகிறது. இது 1 கிராம் திசுவின் சராசரி. அமெரிக்காவும் இதே அளவைப் பின்பற்றுகிறது. ஐரோப்பிய வரம்பு 2 வாட். ஆனால் அது 10 கிராம் திசுவின் சராசரி. கணக்கிடும் அடிப்படையே வேறு என்பதால், ஒரு முறையில் எடுத்த அளவை மற்றொன்றாக மாற்றி எழுத முடியாது. இரண்டாவது முறை அளந்தே ஆக வேண்டும். ஐரோப்பிய முறைப்படி சோதிக்கப்பட்ட கைபேசி இந்தியாவுக்கு வரும்போது மீண்டும் ஆய்வகம் செல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாட்டுக்குள்ளேயே மூன்று வாசல்கள்

அண்டை நாடுகளோடு இசைவு காண்பதற்கு முன், உள்நாட்டு அலுவலகங்களுக்கிடையிலான இசைவே இந்தியாவுக்குச் சவாலாக இருந்துள்ளது. மின்னணுப் பொருட்களின் பாதுகாப்புக்கு இந்திய தர நிர்ணய அமைவனம் 2012-ஆம் ஆண்டின் ஆணையால் தொடங்கிய கட்டாயப் பதிவை நடத்துகிறது. ரேடியோ அலை வெளியிடும் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லா திட்டமிடல் மற்றும் ஒருங்கிணைப்புப் பிரிவு வகை ஒப்புதல் தருகிறது. வலையமைப்போடு இணைக்கப்படும் கருவிகளுக்கு அதே துறையின் கீழுள்ள தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் கட்டாயச் சோதனையும் சான்றும் வழங்குகிறது.

மூன்றாவதான இந்தக் கட்டாயச் சான்று முறைக்கான விதித்திருத்தம் 2017 செப்டம்பரில் அறிவிக்கை செய்யப்பட்டது. பலமுறை தள்ளிவைக்கப்பட்ட பின், முதல் கட்டம் 2019 அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. மோடம், கம்பியில்லாக் கைப்பிடி கொண்ட வீட்டுத் தொலைபேசி, அலுவலக இணைப்பகம் ஆகியவற்றோடு ஃபேக்ஸ் இயந்திரமும் அந்த முதல் பட்டியலில் இடம்பெற்றது. ஃபேக்ஸ் அனுப்புவோர் அருகிவிட்ட காலத்தில் அதற்குச் சான்று கட்டாயமானது சற்றே வியப்புக்குரியது. கண்ணாடியிழை அகண்ட அலைவரிசைக் கருவிகள் 2020-இலும், கோபுரக் கருவிகள் உள்ளிட்ட ஏனையவை பிந்தைய கட்டங்களிலும் சேர்க்கப்பட்டன.

இரு அலுவலகங்களின் அதிகாரம் ஒன்றன்மேல் ஒன்று படிவதாகத் தொழில்துறையினர் முறையிட்டதைத் தொடர்ந்து, 2022-இல் மொபைல் போன், ஸ்மார்ட் வாட்ச், ஸ்மார்ட் கேமரா உள்ளிட்டவற்றுக்குப் பொறியியல் மையத்தின் சான்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. ஒரே நாட்டின் இரு அமைப்புகள் ஒரு கைபேசியை யார் சோதிப்பது என்று தீர்மானிக்கவே இத்தனை காலம் பிடித்தது.

அறிக்கையை நம்புவது யார்?

நாடுகளுக்கிடையே இந்தச் சிக்கலைத் தீர்க்கும் கருவி, பரஸ்பர அங்கீகார ஒப்பந்தம் எனப்படுகிறது. இதில் இரு நிலைகள் உண்டு. முதல் நிலையில், அடுத்த நாட்டு ஆய்வகத்தின் சோதனை அறிக்கை ஏற்கப்படும். சான்றை இறக்குமதி செய்யும் நாடே வழங்கும். இரண்டாம் நிலையில், அடுத்த நாடு வழங்கிய சான்றே ஏற்கப்படும். ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பின் நாடுகள் 1998-இல் இவ்வாறு இரு கட்டங்களாகப் பிரித்தே தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான ஏற்பாட்டை வகுத்தன. இந்தியா அதில் உறுப்பினர் அல்ல.

இந்தியா சிங்கப்பூருடன் 2005-இல் செய்துகொண்ட விரிவான பொருளாதார ஒத்துழைப்பு ஒப்பந்தத்தில், தொலைத்தொடர்புக் கருவிகளுக்கான பரஸ்பர அங்கீகாரம் இடம்பெற்றது. சிங்கப்பூருக்குக் கிடைத்த இந்த இடம் டாக்காவுக்கோ காத்மாண்டுவுக்கோ கிடைக்கவில்லை. சிறிய நாடுகள் பல, சொந்தமாகப் பெரிய ஆய்வகம் அமைப்பதற்குப் பதிலாக, ஐரோப்பிய அல்லது அமெரிக்க விதிகளின்படி எடுக்கப்பட்ட அறிக்கைகளை ஆவண அளவில் சரிபார்த்து ஒப்புதல் அளிக்கின்றன. ஆகவே ஐரோப்பிய ஆய்வகத்தின் தாள் தெற்காசியாவுக்குள் எளிதாகப் பயணிக்கிறது. தெற்காசிய அண்டை நாட்டின் தாளுக்கு அத்தகைய பாதை அமையவில்லை.

ஆய்வகங்களின் திறமையை உறுதிசெய்ய ஐலாக் எனப்படும் சர்வதேச அங்கீகார ஏற்பாடு உள்ளது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளின் அங்கீகார வாரியங்கள் அதில் கையெழுத்திட்டவை. உள்நாட்டில் போதிய ஆய்வகங்கள் இல்லாத சில தொழில்நுட்ப அம்சங்களுக்கு, இந்த ஏற்பாட்டின்கீழ் வரும் வெளிநாட்டு ஆய்வகங்களின் அறிக்கைகளைத் தொலைத்தொடர்புப் பொறியியல் மையம் காலவரம்போடு ஏற்றது. ஆனால் இந்தியாவுடன் நில எல்லையைப் பகிரும் நாடுகளின் ஆய்வகங்கள் இச்சலுகையிலிருந்து விலக்கப்பட்டன.

இந்த விலக்கின் பின்னணி 2020-ஆம் ஆண்டு. அவ்வாண்டு ஏப்ரலில் நில எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு அரசின் முன் அனுமதி கட்டாயமாக்கப்பட்டது. ஜூலை 23 அன்று அரசுக் கொள்முதலிலும் அந்நாட்டு நிறுவனங்களுக்குப் பதிவு கட்டாயமானது. டிசம்பர் 16 அன்று தொலைத்தொடர்புத் துறைக்கான தேசியப் பாதுகாப்பு உத்தரவுக்கு மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு ஒப்புதல் அளித்தது. 2021 ஜூன் 15 முதல், நம்பகமான மூலம் என்று ஏற்கப்பட்ட நிறுவனங்களின் கருவிகளை மட்டுமே சேவை நிறுவனங்கள் தங்கள் வலையமைப்பில் புதிதாக இணைக்க முடியும்.

இவற்றின் நோக்கம் பலராலும் சீனாவோடு தொடர்புபடுத்தியே புரிந்துகொள்ளப்பட்டது. எனினும் நில எல்லை என்ற சொல், பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், சீனா, நேபாளம், பூடான், வங்கதேசம், மியான்மர் ஆகிய ஏழு நாடுகளையும் ஒரே வட்டத்துக்குள் கொண்டுவருகிறது. கொள்முதல் ஆணையில், இந்தியாவின் கடனுதவியும் வளர்ச்சித் திட்டங்களும் பெறும் நாடுகளுக்குத் தனி விலக்கு தரப்பட்டது. சோதனை அறிக்கைக்கான சலுகையோ எல்லை என்ற ஒற்றை அளவுகோலையே கொண்டிருந்தது. திறந்த எல்லை கொண்ட நேபாளமும், கடல் கடந்த தொலைதூர நாட்டைவிட ஆய்வக அறிக்கையில் பின்தங்கி நிற்கும் முரண் இதனால் உண்டானது. நேபாளத்திலோ பூடானிலோ இத்தகைய ஆய்வகங்கள் அதிகம் இல்லை என்பதால் உடனடி இழப்பு பெரிதல்ல என்று வாதிடலாம். ஆனால் இந்திய ஆய்வகங்களின் அறிக்கையை அவர்கள் ஏற்க வேண்டும் என்று கேட்கும்போது, நாம் என்ன தருகிறோம் என்ற எதிர்க்கேள்வி எழவே செய்யும்.

பாதுகாப்புச் சோதனையில் இன்னொரு உண்மையான இடர்ப்பாடும் உண்டு. மின் பாதுகாப்புக்குத் தேர்ச்சி பெற்ற கருவி, அதன் வன்பொருள் மாறாத வரை தேர்ச்சி பெற்றதே. இணையப் பாதுகாப்புச் சோதனை அவ்வாறானதன்று. ஒரு மென்பொருள் புதுப்பிப்பு வந்தாலே பழைய முடிவு கேள்விக்குறியாகிவிடும். பெங்களூருவிலுள்ள தேசியத் தகவல்தொடர்புப் பாதுகாப்பு மையம் இதற்கெனத் தனித் தேவைப்பட்டியல்களை வெளியிட்டுள்ளது. சீன நிறுவனங்களின் கருவிகள் பரவலாக உள்ள அண்டை நாடுகளோடு இந்தப் பட்டியலில் உடன்பாடு காண்பது எளிதன்று. ஆகவே மின் பாதுகாப்பையும் ரேடியோ குறுக்கீட்டையும் தனியே பிரித்து, அவற்றுக்கு மட்டும் முதல் நிலை அங்கீகாரம் தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்ற வழியாகத் தோன்றுகிறது.

வடக்கு ஐரோப்பா சென்ற வழி

அண்டை நாடுகள் ஒன்றுகூடித் தொலைத்தொடர்புத் தரநிலை வகுத்த வரலாற்றில் டென்மார்க், ஃபின்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகியவை முன்னோடிகள். 1969-இல் தொடங்கிய பேச்சு, 1981-இல் என்எம்டி என்ற பொது மொபைல் சேவையாக நடைமுறைக்கு வந்தது. எல்லை கடந்தும் அதே தொலைபேசி இயங்கியது. அதே காலத்தில் பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தாத தனித்தனி முறைகளை வைத்திருந்தன.

இந்த அனுபவமே 1982-இல் ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் மாநாட்டில் ஜிஎஸ்எம் குழு அமையத் துணைநின்றது. 1987 செப்டம்பர் 7 அன்று கோபன்ஹேகனில் 13 நாடுகளின் சேவை நிறுவனங்கள், குறித்த காலத்துக்குள் இந்தச் சேவையைத் தொடங்குவதாக உறுதியளித்துக் கையெழுத்திட்டன. ஆவணம் மட்டும் போதாது, வாங்குவதற்கான வாக்குறுதியும் வேண்டும் என்பதை உணர்ந்த முடிவு அது. 1991 ஜூலை 1 அன்று ஃபின்லாந்தில் முதல் ஜிஎஸ்எம் அழைப்பு பேசப்பட்டது. நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசிய இந்தியாவின் முதல் மொபைல் அழைப்பும் அதே தரநிலையில்தான்.

எனினும் அங்கேயும் தரநிலை ஒன்றானவுடன் சோதனை ஒன்றாகிவிடவில்லை. நாட்டுக்கு நாடு வகை ஒப்புதல் பெறும் முறையை விலக்கி, பெரும்பாலான கருவிகளுக்குத் தயாரிப்பாளரின் உறுதிமொழியையே ஏற்கும் வழியை ஐரோப்பிய ஒன்றியம் 1999-ஆம் ஆண்டின் ஆணை மூலமே திறந்தது.

தெற்காசிய அமைப்புகளின் நிலை

தெற்காசியாவில் அமைப்புகளுக்குப் பஞ்சமில்லை. 1997-இல் உருவான தெற்காசியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையாளர் மன்றத்தில் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, நேபாளம், பூடான், மாலத்தீவு, ஆப்கானிஸ்தான், ஈரான் ஆகிய 9 நாடுகள் உள்ளன. அலைக்கற்றையும் ஒழுங்குமுறைக் கொள்கையும் அங்கு தொடர்ந்து விவாதிக்கப்படுகின்றன. ஆனால் அதன் அறிக்கைகள் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்துபவை அல்ல.

டாக்காவில் அமைந்துள்ள தெற்காசியப் பிராந்தியத் தரநிலை அமைப்பு, சார்க் ஒப்பந்தத்தால் பிறந்தது. இணக்க மதிப்பீட்டைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் பலதரப்பு உடன்படிக்கையும் 2011-இல் சார்க் நாடுகளிடையே கையெழுத்தானது. மின்னணு, தொலைத்தொடர்புத் துறைக்கும் அந்த அமைப்பில் தனிக் குழு உண்டு. நடைமுறையில் பிஸ்கட், சர்க்கரை, சணல் போன்ற பொருட்களுக்கே தரநிலைகள் முதலில் கவனம் பெற்றன. 2014-இல் காத்மாண்டுவில் நடந்த உச்சிமாநாட்டுக்குப் பின் சார்க் தலைவர்கள் கூடாததால், இதற்கு அரசியல் உந்துதல் கிடைக்கவில்லை. பூடானும் ஈரானும் உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினர்கள் அல்ல; எனவே அதன் ஒப்பந்தத்தை மட்டும் அடிப்படையாக வைத்து எல்லோரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவரவும் இயலாது.

5ஜிஐ: தனி வழியிலிருந்து பொது வழிக்கு

தன் தேவைக்காகத் தனித் தரநிலை வகுக்க முயன்று, பின்னர் அதைப் பொதுத் தரநிலையில் சேர்த்த அனுபவம் இந்தியாவுக்கே உண்டு. இந்தியத் தொலைத்தொடர்புத் தரநிலை மேம்பாட்டுச் சங்கம், கிராமங்களில் கோபுரங்களுக்கிடையே அதிகத் தொலைவு இருப்பதையும் பயனர்கள் வேகமாக இடம்பெயர்வதில்லை என்பதையும் கருத்தில் கொண்டு, 5ஜிஐ என்ற முறையை முன்மொழிந்தது. 6 கிலோமீட்டர் இடைவெளியில் கோபுரங்கள் அமையும் கிராமச் சூழலைச் சோதனை நிபந்தனையாகச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஏற்றதற்கும் இந்திய முயற்சியே காரணம். 2021-இல் ஒன்றியம் வெளியிட்ட 5ஜி பரிந்துரையில் 5ஜிஐ இடம்பெற்றது.

இந்தியாவுக்கு மட்டும் தனியாகக் கருவி தயாரித்தால் விலை உயரும், வெளிநாடு செல்வோருக்கு இணைப்பு சிக்கலாகும் என்று சேவை நிறுவனங்கள் அஞ்சின. 2021 டிசம்பரில் அதன் முக்கியக் கூறுகளை 3ஜிபிபி-யின் 17-ஆம் வெளியீட்டில் இணைக்க உடன்பாடு ஏற்பட்டது. கிராமத்துக்கான அம்சம் உலகத் தரநிலையின் பகுதியானது. அதன் பயன் இதேபோன்ற ஊரமைப்பு கொண்ட வங்கதேசத்துக்கும் நேபாளத்துக்கும் திறந்திருக்கிறது.

தமிழும் ஒரு தரநிலையே

இந்தியாவில் விற்கப்படும் மொபைல் போன்கள், ஐஎஸ் 16333 தரநிலையின் மூன்றாம் பகுதிப்படி, அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளின் எழுத்துகளையும் காட்ட வேண்டும். தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக உள்ள இலங்கையில் எஸ்எல்எஸ் 1326 என்ற தரநிலை தமிழ்க் கணிமைக்கு உள்ளது. இரண்டும் யூனிகோடு குறியீட்டையே அடிப்படையாகக் கொண்டதால், சென்னையில் அனுப்பிய குறுஞ்செய்தி யாழ்ப்பாணத்தில் பிழையின்றித் தெரிகிறது. விசைப்பலகையில் மட்டும் பாதைகள் பிரிகின்றன: தமிழ்நாடு அரசு 1999-இல் ஏற்றது தமிழ்99, இலங்கைத் தரநிலை ஏற்றது ரெங்கநாதன் விசைப்பலகை. செய்தியின் பயணத்துக்கு அது தடையாக இல்லை.

நுகர்வோர் கவனிக்க வேண்டியவை

அண்டை நாட்டிலிருந்து ரவுட்டர், ஆன்டெனா, வாக்கி டாக்கி போன்ற கருவிகளைக் கொண்டுவருவோர், அவை அங்கே ஒப்புதல் பெற்றவை என்பதால் இங்கும் செல்லும் என்று கருதக்கூடாது. தொலையுணர் மீட்டர்களுக்கு இந்தியா உரிமமின்றி அனுமதிக்கும் அலைவரிசை 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரையிலானது. அமெரிக்கச் சந்தைக்காக 902 முதல் 928 வரை இயங்குமாறு செய்யப்பட்ட கருவியை இங்கே இயக்கினால், அது மொபைல் சேவைக்கு ஒதுக்கிய அலைகளில் குறுக்கிடும்.

இந்தியாவில் கட்டாயப் பதிவுக்கு உட்பட்ட மின்னணுப் பொருளில், இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையும் ஐஎஸ் எண்ணும் 'ஆர்' என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இப்பதிவு எண்ணை அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். கைபேசியின் கதிர்வீச்சு அளவை அறிய *#07# என்று அழுத்தினால் போதும். திரையில் தோன்றும் எண் 1.6-ஐத் தாண்டக்கூடாது.